ஒரு கிராம் கொழுப்பு

ஆட்டைப் பட்டினி போடுவதற்குக்கூட அனுமதிக் கடிதம் வேண்டும். ரமணி அந்தக் கடிதத்துக்காக ஐந்து மாதம் நடையாய் நடந்தாள். பல்கலைக்கழகத்தின் விலங்கு நலக் குழு மூன்று முறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, நான்காம் முறை கையெழுத்துப் போட்டது. கடிதத்தில் பட்டினி என்ற சொல்லே கிடையாது. 'தேவையில் எழுபது விழுக்காட்டுத் தீவனம், எட்டு வாரங்களுக்கு' என்றிருந்தது. படித்தவர்கள் எழுதும்போது எதற்கும் வலிக்காத ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

ரமணிக்கு முப்பத்து மூன்று வயது. சொந்த ஊர் கிள்ளான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் அறை எடுத்துத் தங்கி, கோலாலம்பூரில் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வருடம் என்று ஒன்று கிடையாது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். கறக்கும் செம்மறி ஆட்டுக்குத் தீவனம் கூடினால், குறைந்தால், அதன் உடம்பு கொழுப்பை எப்படிச் சேர்க்கிறது, எப்படிக் கரைக்கிறது என்பதுதான் ஆய்வு. கிள்ளானில் இதை விளக்கப் போய், மட்டன் பிரட்டலுக்கு எதுக்கும்மா அஞ்சு வருஷம் என்று மாமா கேட்ட நாளிலிருந்து அவள் உறவுக்காரர்களிடம் விளக்குவதை விட்டுவிட்டாள்.

பல்கலைக்கழகத்தின் பண்ணை கிள்ளானைத் தாண்டி, காப்பாருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கலப்பினச் செம்மறிகள் இருபத்து நான்கு. கொட்டிலுக்கு எட்டாக மூன்று கொட்டில்கள். முதல் கொட்டிலுக்கு வேண்டிய அளவு தீவனம், இரண்டாவதுக்கு அதற்கும் மேலே, மூன்றாவதுக்கு அந்த எழுபது விழுக்காடு. முதல் இரண்டு கொட்டில்களும் தின்பது மூன்றாவதன் கண்ணுக்குத் தெரியும். இடம் அப்படி, வேறு வழியில்லை என்று பண்ணை மேற்பார்வையாளர் நாகையா சொல்லிவிட்டார்.

ஆடுகளைப் பார்த்துக்கொண்டவர் சின்னையா. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், நாற்பத்தாறு வயது, அதிகம் பேசாதவர். ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் மூலம் பண்ணைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ரமணிக்கு ஆடுகள் காதில் தொங்கும் எண்கள். அவருக்கு ஒவ்வொன்றும் முகம். எண்ணைப் பார்க்காமலே இது அது என்று சொல்வார். ரமணி சரிபார்த்தபோதெல்லாம் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

பரிசோதனை தொடங்கிய காலையில் அவள் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னாள். மூன்றாம் கொட்டிலுக்கு நிறுத்துக் கொடுத்ததுக்கு மேல் ஒரு கைப்பிடி போனாலும் தன் ஐந்து வருடம் போய்விடும் என்றாள். சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் கறக்கிற ஆட்டை இப்படி வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதுக்கெல்லாம் அனுமதி வாங்கியாச்சு அண்ணே என்றாள் ரமணி. பிறகு, பாதி விளையாட்டாகத்தான், கையை நீட்டினாள். சின்னையா ஒரு கணம் யோசித்து, தன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் விளையாடவில்லை என்பது அந்த அடியிலேயே தெரிந்தது.

முதல் வாரம் மூன்றாம் கொட்டில் சும்மா இருந்தது. இரண்டாம் வாரம் கத்த ஆரம்பித்தது. செம்மறி பசிக்குக் கத்துவதைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், அது ஆடு கத்துவது போலவே இருக்காது. நான்காம் வாரம் கத்தல் நின்றது. அது இன்னும் மோசம். ரமணி வாரம் இரண்டு முறை தன் மைவி காரை ஓட்டிக்கொண்டு வந்து, பாலை அளந்து, எடை பார்த்து, எழுதிக்கொண்டு போவாள். வாரத்தின் மற்ற நாட்களில் அந்த எட்டு ஜோடிக் கண்களோடு இருந்தவர் சின்னையா ஒருவர்தான்.

அவர் மதியச் சோற்றைக் கொட்டில் பக்கம் வைத்துத் தின்பதை நிறுத்திவிட்டு, டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தின்ன ஆரம்பித்தார். பழையபடி ஆடுகளிடம் பேசுவதும் குறைந்தது. சின்னையா ஒரு மாதிரியாப் போயிட்டான் லா என்று நாகையா சொன்னபோது, ரமணி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டினி போட்டவளே பாவப்பட்டால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஆறாம் வாரக் கடைசியில் கொழுப்பு எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, வாலடியில் சின்னதாகக் கீறி, சுண்டுவிரல் நுனியளவு கொழுப்பை எடுத்து, அடுத்த நிமிடமே திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். கால்நடை மருத்துவர் கீறினார், சின்னையா ஆட்டின் தலையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார், ரமணி குப்பிகளில் எண் எழுதினாள். ஒவ்வொரு ஆட்டின் கொழுப்பையும் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி அவளுடைய ஆய்வகத்துக்கு. மறுபாதி ஜீன் சோதனைக்காக வெளி ஆய்வகத்துக்கு. நைட்ரஜன் குடுவையைக் காரில் வைத்துக்கொண்டு போனால், கசியும் வாயு மூச்சடைக்காமல் இருக்கக் கண்ணாடியை ஏற்றக் கூடாது. ஃபெடரல் ஹைவே நெரிசலில், வெயிலும் புகையும் முகத்தில் அடிக்க, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அவள் கோலாலம்பூர் வந்து சேர்ந்தாள்.

இரண்டு சோதனைகளும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு இடத்தில் நின்று பார்க்கின்றன. ரத்தத்தில் ஓடும் கொழுப்பை உடைத்துக் கொழுப்புச் செல்லுக்குள் சேர்க்க ஒரு என்சைம் இருக்கிறது. ஆடு நன்றாகத் தின்றால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். பசியில் கிடந்தால் படுத்துவிடும். அந்த என்சைமை உண்டாக்கு என்று செல்லுக்குள்ளிருந்து உத்தரவு போடுவது ஒரு ஜீன். உத்தரவு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது ஜீன் சோதனை. வேலை எவ்வளவு நடந்தது என்று பார்ப்பது என்சைம் சோதனை. ஜீன் முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். என்சைமை ரமணியே ஒரு வாரத்தில் அளந்துவிடலாம்.

அளந்தாள். அளந்ததை எதால் வகுப்பது என்பதில்தான் வந்தது வினை. அந்தக் கொழுப்புத் துணுக்கில் புரதம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதால் வகுக்க வேண்டும். புரதம் அளக்கும் மருந்துப் பெட்டி தீர்ந்துபோயிருந்தது. புதிது வர மூன்று வாரம் ஆகும் என்றார் சப்ளையர். மேற்பார்வைக் குழுவின் கூட்டமோ வெள்ளிக்கிழமை. இப்போதைக்கு எடையால் வகுப்போம், ஒரு கிராம் கொழுப்புக்கு இவ்வளவு என்று காட்டுவோம், பெட்டி வந்ததும் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இங்கே கை நுழைந்துவிட்டது. அதுதான் கெடுதலாகப் போனது.

கணினித் திரையில் கொட்டிலுக்கு ஒன்றாக மூன்று கோடுகள் எழுந்தன. நிறையத் தின்ற ஆடுகளின் கோடு உயரம். சரி. அளவாகத் தின்றவற்றின் கோடு நடுத்தரம். சரி. பட்டினி ஆடுகளின் கோடு குட்டையாக இருந்திருக்க வேண்டும். அது நடுக்கோட்டுக்குச் சமமாக நின்றது.

ரமணி கணக்கை மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதே கோடு. அந்த ஆடுகள் பட்டினியே கிடக்கவில்லை என்று கோடு சொன்னது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய ஆய்வுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர், நேரமில்லாதவர். எடையும் பெரிதாகக் குறையவில்லையே என்று கேட்டார். இல்லை என்றாள். பால் குறைந்திருக்கிறதே என்று அவளே மெல்லச் சொன்னாள். இந்த வெயிலுக்கு எந்த ஆட்டுக்கும் பால் குறையும் என்றார் அவர்.

"யாரோ தீனி போடுறாங்க ரமணி. சிம்பிள். பண்ணையில யாரு இருக்கா, பாருங்க."

அறையில் இருந்த யாரும் எதால் வகுத்தாய் என்று கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அது எழுதித்தான் இருந்தது.

மறுநாள் அவள் காப்பாருக்குப் போனபோது நாகையாவிடம்தான் முதலில் கேட்டாள். நாகையா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பொய் சொல்கிறவர் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். தினம் மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் சின்னையா ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் கண்டாங் பின்பக்கம் போகிறானாம். கொட்டிலுக்கு அங்கே எல்லோரும் சொல்கிற மலாய் வார்த்தை கண்டாங். பக்கெட்டில் என்ன என்று அவர் பார்க்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் ரமணி. பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போயிற்று.

சின்னையா புல் வெட்டும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். மூணாவதுக்குத் தீனி போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"பக்கெட்ல என்ன கொண்டு போறீங்க?"

"தண்ணி. கடைசித் தொட்டிக்குக் குழாய்ல சரியா ஏறல. பசிச்ச வயிறு தண்ணியாவது குடிக்கட்டும்னு ஊத்துறேன். தண்ணிக்கு நீங்க அளவு சொல்லலியே."

சொல்லவில்லைதான். வயிறு முட்டத் தண்ணீர் குடித்த ஆட்டுக்கு எடை குறையாது என்பது அந்த இடத்திலேயே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தக் கோடு அவள் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. டெஸ்டில் தெரிந்துவிட்டது, அவை நன்றாகத் தின்றிருக்கின்றன என்றாள். சின்னையாவுக்கு அது புரியவில்லை. தின்னவில்லையே என்றார். தான் கையில் அடித்துச் சொன்னதை நினைவுபடுத்தினார்.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணே" என்றாள் ரமணி.

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்க உள்ள வந்து ஒண்ணோட முதுகத் தடவிப் பாருங்க மேடம். எலும்பு கைல குத்தும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

செம்மறியின் கம்பளிக்குக் கண் ஏமாறும். அதன் சதையை அறியக் கையை முதுகில் வைத்து எலும்பை அழுத்திப் பார்க்க வேண்டும். இது மேய்ப்பவனுக்கும் தெரியும், ரமணியின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட அவளிடம் ஒரு தாள்கூட இருந்தது. கடைசி இரண்டு வாரமாக அதை அவள் நிரப்பவில்லை. கொழுப்பையே எடுத்து அளக்கும்போது கையால் தடவிப் பார்ப்பானேன் என்று விட்டிருந்தாள். கொட்டில் இருபது அடி தூரத்தில் இருந்தது. எட்டு ஆடுகளும் கம்பி ஓரமாக வந்து நின்று அவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மணி பதினொன்று. ஒரு மணிக்கு அவள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயமாக இருந்தது. எலும்பு குத்தினால் பிறகு எதை நம்புவது?

அன்று மாலையே பேராசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். 'அனுமதியில்லாத தீவனம் கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதினாள். சின்னையா என்ற பெயரை எழுதவில்லை. 'கொட்டிலுக்குப் பொறுப்பான பணியாளர்' என்றுதான் எழுதினாள். பெயர் எழுதாததால் ஏதோ நியாயமாக நடந்துகொண்ட மாதிரி அவளுக்கு இருந்தது. அந்தப் பண்ணையில் கொட்டிலுக்குப் பொறுப்பு ஒரே ஆள்.

மிஞ்சிப்போனால் அவரை வேறு வேலைக்கு மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தாள். பல்கலைக்கழகம் அந்த ஆள் வேண்டாம் என்று ஏஜென்டுக்கு எழுதியது. ஏஜென்டுக்கு வேறு பண்ணை ஏதும் கைவசம் இல்லை. இருந்தாலும் புகார் வந்த ஆளை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன லாபம்? பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. அளக்க இனி ஒன்றுமில்லை என்று இடையில் அந்தப் பக்கம் போகாத ரமணிக்கு அது தெரிந்தது அடுத்த முறை பண்ணைக்குப் போனபோதுதான். சின்னையா தங்கியிருந்த அறை வாசலில் வேறு யாருடைய செருப்போ கிடந்தது.

மூன்றாம் கொட்டிலும் காலியாக இருந்தது. கெட்டுப்போன பரிசோதனைக்கு ஆடு எதற்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். எட்டையும் கிள்ளானிலிருந்து வந்த ஒரு கறிக்கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏற்றும்போது, எல்லாம் எலும்பா இருக்கே என்று அந்தக் கடைக்காரர் சண்டை போட்டார் என்று நாகையா சாதாரணமாகச் சொன்னார். ரமணி அதைக் காதில் வாங்கினாள். மனதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி கடைசியில் ஜீன் முடிவு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டுதான் அவள் கோப்பைத் திறந்தாள். பட்டினி ஆடுகளில் அந்த ஜீனின் உத்தரவு மூன்றில் ஒரு பங்காக விழுந்திருந்தது. எட்டு ஆட்டிலும். ஒன்றுகூட விலகவில்லை. தினம் ஒரு கைப்பிடி தின்றிருந்தால்கூட இப்படி எட்டும் ஒரே மாதிரி விழுந்திருக்காது.

தோசை ஆறிப்போனது. அப்படியானால் என்சைம் ஏன் சமமாக நின்றது என்று அவள் பழைய கோப்பைத் திறந்தாள். வகுத்த இடத்தில் கண் போய் நின்றது. ஒரு கிராம் கொழுப்புக்கு.

பட்டினியில் கொழுப்புச் செல்கள் செத்துப்போவதில்லை, சுருங்குகின்றன. பெரிய வெங்காயம் கிலோவுக்குப் பத்து நிற்கும். சின்ன வெங்காயம் நூறு நிற்கும். சுருங்கிய செல்கள் ஒரு கிராமுக்குள் இரண்டு மடங்கு அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றும் பாதி வேலைதான் செய்தது. ஆள் இரண்டு மடங்கு என்பதால் மொத்தம் சமமாக வந்தது. அந்தச் சமமான கோடுதான் பட்டினிக்கே சாட்சி. இளங்கலை மாணவர்களுக்கு எடுத்த வகுப்பில், கொழுப்பை ஒருபோதும் எடையால் வகுக்காதே என்று பலகையில் எழுதிப் போட்டவள் ரமணி. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் யானை சறுக்கினால் யானைதான் விழும். இங்கே விழுந்தது வேறொருவர்.

திங்கட்கிழமை புரதப் பெட்டியை எடுத்து, உறைய வைத்திருந்த அதே குப்பிகளில் அளந்தாள். பெட்டி ஜனவரியிலேயே வந்துவிட்டிருந்தது. கெட்டுப்போன ஆய்வு என்று அவள் அதைத் திறக்கவில்லை. செல் கூடினால் புரதமும் கூடும்; அதால் வகுத்ததும் மூன்றாம் கோடு சரிந்து, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே குட்டையாக நின்றது. ஐந்து வருடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ரமணி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி. இப்படிச் சுத்தமான முடிவைத் தான் பார்த்து வெகுநாளாயிற்று என்றார். உத்தரவும் வேலையும் ஒரே திசையில் விழுந்திருக்கின்றன, நல்ல பத்திரிகையில் வரும் என்றார். ரமணி, சின்னையாவைப் பற்றிப் பேச்செடுத்தாள். அந்தக் கடிதம் தப்பு, தன் கணக்குத் தப்பு, அவரைத் திரும்ப அழைக்கப் பல்கலைக்கழகம் எழுத வேண்டும் என்றாள். அவர் கொஞ்சநேரம் பேனாவை உருட்டினார். வருத்தமாகத்தான் இருந்தார், அதில் பொய் இல்லை.

"நடந்தது நடந்துபோச்சு ரமணி. இப்ப அதக் கிளறினா பேப்பருக்குத்தான் பிரச்சனை. நன்றியுரையில அவர் பேரப் போட்டுடுவோம் லா."

அவள் தானே ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பூச்சோங்கில் இருந்த ஏஜென்டின் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். மாடிப்படியில் பாஸ்போர்ட்டும் கையுமாக நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்ட் மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தை வாங்கிப் படித்தார். அந்தக் காலியிடத்துக்கு ஜனவரியிலேயே வேறு ஆள் வந்துவிட்டது என்றார். புதுப் பெர்மிட் எடுப்பதென்றால் வயதைப் பார்ப்பார்கள், சின்னையாவுக்கு வயது ஏறிவிட்டது, இனி வருவது கஷ்டம் என்றார். கடிதத்தை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, சின்னையாவின் ஊர் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறவளுக்கு அதை இறக்கிவைக்கக்கூட ஒரு மேசை கிடைக்கவில்லை.

நம்பரை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தாள். ஐந்தாம் நாள் மாலை, அறைக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அழைத்தாள். ஒரு பெண்பிள்ளை எடுத்து, அப்பா பக்கத்துலதான் இருக்காங்க என்று கொடுத்தது.

யார் என்று சொன்னதும் சின்னையா எழுந்து நின்றிருப்பார் போலிருந்தது. குரல் அப்படி மாறியது. நல்லா இருக்கீங்களா மேடம் என்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வேலை, திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னார். ரமணி எல்லாவற்றையும் சொன்னாள். தான் தப்பாக வகுத்ததை, மெஷின் சொன்னதைத் தான்தான் தப்பாகப் படித்ததை, வெங்காயக் கணக்கை, கடிதத்தை. நீங்கள் ஒரு கைப்பிடிகூடப் போடவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது அண்ணே என்றாள். மன்னிச்சிடுங்க என்று அழுதுகொண்டே இரண்டு முறை சொன்னாள்.

"நான் போடலன்னு எனக்குத் தெரியுமே மேடம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவள் எதற்காக அழுகிறாள் என்று அவருக்குச் சரியாக விளங்காத மாதிரி இருந்தது. அவருக்கு அது புதுச் செய்தி இல்லையே.

தூரத்தில் எங்கோ மேளம் கேட்டது. பிறகு அவரே கேட்டார்.

"அந்த மூணாங்கொட்டில் ஆடுங்க தேறிடுச்சா? அப்புறம் நல்லாப் போட்டாங்களா?"

ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவர் மட்டும்தான் அந்தப் பண்ணையில் ஒருவர் சொல்லை அப்படியே நம்புகிறவர். அவளால் சொல்ல முடியவில்லை.

"வித்துட்டாங்க அண்ணே. கறிக்கடைக்கு."

"எப்ப?"

"நீங்க போன அதே வாரம்."

"அப்படியேவா? தீனி போடாமலேயா?"

"அப்படியேதான்."

இத்தனை நாளில், வேலை போனபோதும், ஒன்பது நாளில் மூட்டை கட்டியபோதும், நாகையாவிடம் விடைபெற்றபோதும், அந்த மனிதர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இப்போதும் கடுமையாகப் பேசவில்லை.

"நான் போட்டிருக்கணும் மேடம். ரெண்டு ரெண்டு கைப்பிடி போட்டிருந்தா அதுங்க தின்னுட்டாவது போயிருக்கும். எப்படியும் போட்டேன்னுதானே ஆச்சு."

அவர் பெண் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்ல, சரிங்க மேடம், வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவள் தோளில் பை தொங்கிக்கொண்டே இருந்தது. மேசைமேல் கணினியில் அந்த மூன்று கோடுகள் திறந்தபடி இருந்தன. மூன்றாவது குட்டைக் கோட்டுக்கு வேறு நிறம் கொடுத்து அன்றைக்குள் அனுப்பச் சொல்லிப் பேராசிரியர் காலையிலேயே எழுதியிருந்தார். ரமணி வெகுநேரம் அதைத் தொடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து நிறத்தை மாற்றி அனுப்பிவைத்தாள்.